பதினேழாம் சீசா

ரங்கூன், அலோன்
8 மார்ச் 1926

தம்பி சபாபதிக்கு அக்காள் அம்சா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். மதராஸ் வெயில் உன்னை அதிகம் வாட்டவில்லை என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பதினேழாம் சீசா எங்கே?

டிசம்பரில் உன் ஹார்க்னெஸ் துரையோடு வந்தாய். பொங்கல் கழிந்து கிளம்பும்போது அந்தச் சீசாவையும் வெரேசின் துரையின் புத்தகத்தையும் பெட்டியில் வைத்தாய். "ஒரே மாசம்க்கா. படம் போட்டுப் பாத்துட்டு அனுப்பிடறேன்" என்றாய். மாசி முடியப்போகிறது.

அப்பா காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே அலமாரிக்குப் போகிறார். கண்ணில் திரை விழுந்தபின் அவருக்கு விரல்தான் கண். ஒவ்வொரு மூடியாகத் தொட்டு எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார். பதினாலுக்கு அடுத்து விரல் வெறும் பலகையில் போய் நிற்கிறது. ஒரு நாள் அந்த இடத்தில் ஊறுகாய்ச் சீசாவை வைத்துப் பார்த்தேன். தொட்ட மாத்திரத்தில், "இது மாங்காடி. பதினேழு எங்க?" என்றார்.

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் ஊருக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். வெரேசின் துரை ருஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரைக் கோயில் பாதிரியின் மகன். மீன் சாஸ்திரம் படித்தவர். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில் இங்கே வந்து மூன்று வருஷம் இருந்தார். அப்பா அவருக்குச் சாம்பான் படகு தள்ளினார், வலை போட்டார், மீனைக் கழுவி ஸ்பிரிட்டில் போட்டார். ஒரு மீனை மட்டும் வைத்துப் பெயர் வைக்கமாட்டேன், அதற்கு இன்னொன்று பக்கத்தில் வேண்டும் என்பது துரையின் பிடிவாதம். அதனால் ஜோடி கிடைக்காத மீன்களையெல்லாம் அப்பாவிடம் விட்டுப் போனார். பிறகு ஜோடி கிடைத்தவை கப்பலேறின. மிஞ்சியவை பதினோரு சீசா. துரை சாகும்வரை வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: பதினேழு வந்ததா?

துரை செத்து இருபத்தெட்டு வருஷம். அப்பா இன்னமும் ஸ்பிரிட் மாற்றுகிறார். அதை ஒரு மாசத்துக்கு என்று எடுத்துப் போனவன் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள். சீசாவையும் பார்த்துக்கொள்.

அம்சா


மதராஸ்
30 மார்ச் 1926

அன்புள்ள அக்காள் அவர்களுக்கு சபாபதி வணக்கம். நான் சுகம். தாங்களும் அப்பாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கண்டேன். இங்கே வேலையில் மூச்சு விட நேரமில்லை. ஹார்க்னெஸ் துரை தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டு முழுநேரமும் மீன்மேல் விழுந்திருக்கிறார். நாளுக்கு இரண்டு படம் வேண்டும் என்கிறார். செதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கிழித்துப் போடுகிறார். என்னைத் தவிர வேறு ஆள் வரைந்தால் அவருக்குப் பிடிப்பதில்லை.

சீசா பத்திரமாக இருக்கிறது. கவலை வேண்டாம். அப்பாவின் கண்ணுக்கு இங்கே ஒரு டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்கியிருக்கிறேன். தனிப் பார்சலில் வருகிறது. காலை மாலை இரண்டு சொட்டு.

அலோனில் கொசு எப்படி? பள்ளிக்கூடத்தில் தங்கள் வேலை எப்படிப் போகிறது?

இப்படிக்கு,
சபாபதி


ரங்கூன், அலோன்
26 ஏப்ரல் 1926

சபாபதிக்கு,

அப்பா நலம். நான் நலமாக இல்லை. கொசுவினால் அல்ல.

பார்சல் வந்தது. மருந்துப் புட்டி உடையாமலிருக்க அச்சடித்த காகிதத்தை நாலு சுற்றுச் சுற்றியிருந்தாய். நீ எப்போதும் இப்படித்தான். வேண்டாத காகிதத்தை மடக்கி வைத்திருப்பாய், பார்சல் கட்ட உதவும் என்று. அந்தக் காகிதத்தைப் பாய்க்கடியில் வைத்து ஒரு ராத்திரி படுத்து, சுருக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதில் ஒரு மீன். தலை இடப்பக்கம் பார்த்து. மீன் படத்துக்குத் தலை இடப்பக்கம்தான் இருக்கவேண்டும், கத்தி வைத்தால் வலப்பக்கம்தான் வைக்கவேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஹார்க்னெஸ் துரை இல்லை, அப்பா. மேல்வாலில் ஒரு கடி. சின்ன வயதில் நாம் வால்வெட்டி என்று கூப்பிட்ட அதே கடி. அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான்.

கீழே இருந்த இங்கிலீஷை நபீஸாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள் அவள். உலகம் இதுவரை அறியாத புது மீனாம். 1925 டிசம்பரில் அக்கரை டாலா வாய்க்காலில் ஹார்க்னெஸ் துரை தம் கையால் பிடித்ததாம். அந்தத் துரை டாலாவில் பிடித்தது ஜலதோஷம் மட்டும்தான். கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? வெரேசின் என்ற பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. ஆனால் மீனுக்கு வைத்த லத்தீன் பெயரில் உன் பெயர் இருக்கிறது. நபீஸா இரண்டு தடவை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

கீழ்த்தாடையில் நூலால் கட்டியிருந்த தகரத்துண்டு, அதில் ஆணியால் குத்திய பதினேழு என்ற எண், அதை என்ன செய்தாய்? உன் கையாலேயே வெட்டினாயா?

அப்பாவிடம் சொல்லவில்லை. உன் மருந்தை மட்டும் ஊற்றினேன். எரிகிறது என்றார்.

அம்சா


ரங்கூன், அலோன்
7 ஜூன் 1926

சபாபதிக்கு,

ஆறு வாரமாகிறது. வாராவாரம் மதராஸ் கப்பல் வருகிறது. உன் கடிதம் மட்டும் வரவில்லை. கை ஒடிந்துவிட்டதா என்று விசாரிக்கிறேன். ஒடிந்திருந்தால் சொல், கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. நேற்று ஸ்பிரிட் மாற்றும் நாள். நான் ஊற்ற, அப்பா மூடி போட்டார். பத்து சீசா முடிந்ததும் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அடுத்ததைக் கொடு என்று. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் கை அப்படியே இருந்தது.

இன்னும் இரண்டு கப்பல் பார்ப்பேன். பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

அம்சா


மதராஸ்
28 ஜூன் 1926

அக்காள் அவர்களுக்கு,

சுகம். கை ஒடியவில்லை. எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்துபோனது நாலு தடவை.

கோபம் தங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. எனக்கும் உண்டு, நான் அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். சொல்லுங்கள், வெரேசின் துரை நமக்கு என்ன செய்தார்? மூன்று வருஷம் அப்பா இடுப்பளவுச் சேற்றில் நின்றார். காலில் அட்டை கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பதிலுக்குக் கிடைத்தது ஒரு அலமாரிச் சீசாவும் யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு புத்தகமும். அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். பதினாறாம் மீனுக்குப் படம், பதினெட்டுக்குப் படம். பதினேழுக்கு ஒரு பக்கம் முழுக்க வெறுமை, மேலே இரண்டு வரி. அவ்வளவுதான். முன்பக்கத்தில் யாரோ ஒரு பிரபுவுக்குச் சமர்ப்பணம். நம் அப்பா பெயர் எங்கே? மீன் பிடித்தவன் பெயரைப் போட அந்த மகானுக்கு மனம் வரவில்லை. தாங்களும் அப்பாவும் நாற்பது வருஷமாக அவருக்கு விளக்கேற்றாத குறைதான்.

ஆம், சீசாவை ஹார்க்னெஸ் துரையிடம் நான்தான் காட்டினேன். அவர் நாள் முழுக்க அதைக் கையில் வைத்துப் பார்த்தார். இந்த இனத்து மீனுக்கு மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நாலு மீசை இருக்கும். இதற்கு மேலே இரண்டு மட்டும்தான். அதனால் புது மீன் என்றார். தாம் பிடித்ததாகப் போட்டால்தான் லண்டன் சபையில் எடுபடும் என்றார். பெயர் உன்னுடையதாக இருக்கட்டும் என்றார். ஒரு சாம்பான்காரன் மகனின் பெயர் லண்டன் பத்திரிகையில் லத்தீனில் வந்திருக்கிறது. அது நம் குடும்பத்தின் பெயரும்தானே? யாருக்கு என்ன நஷ்டம்? செத்துப்போன ருஷ்யாக்காரர் எழுந்து வந்து கேட்கப்போகிறாரா?

அப்பாவிடம் சொல்லவேண்டுமானால் பெயர் வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தோஷப்படுவார்.

சபாபதி


ரங்கூன், அலோன்
20 ஜூலை 1926

சபாபதிக்கு,

நலம் எழுதுகிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுக்க வாசித்தேன், ஒரு வார்த்தை விடாமல். மகன் திருடியதைக் கேட்டு அலமாரியைப் பிடித்துக்கொள்வார், கத்துவார், உன்னைச் சபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"படத்துல மீசை எத்தன?"

"ரெண்டுப்பா."

"கீழ்த்தாடையில?"

"ஒண்ணும் இல்ல. அதனாலதான் புது மீனுங்கறாங்க."

பிறகு சொன்னார், "அதுக்கு நாலு மீசைடி. கீழ ரெண்ட நான்தான் பிச்சேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள். அப்போது அவருக்கு நான் பிறந்து இரண்டு மாசம். ஐப்பசி. மீனைக் கழுவித் தகரத்துண்டைத் தாடையில் கட்டினார். நூல் ஈரம். முடிச்சு இறுகவில்லை என்று ஒரு இழுப்பு இழுத்தார். கீழ்மீசை மயிரைவிட மெல்லியது, இரண்டும் நூலோடு வந்துவிட்டன. முந்தின வாரம்தான் இன்னொரு மீனின் செவுளைக் கிழித்தான் என்று ஒருவனைத் துரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். அப்பா தாடையைப் பெருவிரலால் துடைத்து வைத்துவிட்டார். துரை பூதக்கண்ணாடியில் பார்த்து இரண்டு புள்ளி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார். "ரெங்கசாமி, இப்படியே வந்ததா?" என்று கேட்டார். "ஆமா துரை, வலையிலயே இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார் நம் அப்பா.

"ஒன்னக் கையில வச்சுக்கிட்டு ஒங்கம்மா வாசல்ல நின்னா. வேற என்னத்தச் சொல்ல?" என்றார். "இன்னொண்ணு கெடச்சா தானா வெளிய வந்துரும்னு இருந்தேன். கெடைக்கவே இல்ல."

புரிகிறதா? வருஷா வருஷம் பதினேழு வந்ததா என்று அந்த மனுஷன் கேட்டது இதனால்தான். புத்தகத்தில் பக்கம் வெறுமையாக நின்றதும் இதனால்தான். அப்பா விசுவாசத்தால் சீசா காத்தார் என்று அலோன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது பயம். நாற்பது வருஷம் பயம். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், எதிரில் உட்காரவில்லை. உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதியை எடுத்து அவர்மேல் வைக்கவேண்டியதாகிவிட்டது. அதற்காகவும் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

உன் பெயர் வைத்த மீனுக்கு நாலு மீசை. என்ன செய்யப்போகிறாய்?

அம்சா


மதராஸ்
9 ஆகஸ்ட் 1926

அக்காள் அவர்களுக்கு,

தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லவேண்டாம். நபீஸாவிடம்கூட. அப்பாவுக்கு வயது எழுபத்தைந்து. நாற்பது வருஷத்துக்கு முந்தினதை அவர் எப்படி நிச்சயமாகச் சொல்லமுடியும்? மறதியாக இருக்கலாம். கனவாகவும் இருக்கலாம்.

ஹார்க்னெஸ் துரை அந்தக் கட்டுரையை வைத்து லண்டனில் ஒரு சபையில் அங்கத்தினர் ஆகப்போகிறார். மீசை பொய் என்றால் முதலில் போவது அவர் இல்லை, நான்தான். இந்த வேலைக்குப் பதினொரு வருஷம் மூக்குத் தேய மேஜைமேல் குனிந்திருக்கிறேன்.

உலகத்தில் அந்த மீன் ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றே இருக்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. டாலாவில் வலை போடும் கருப்பையாவிடம் சொல்லிவையுங்கள். அந்த மாதிரி மீன் வலையில் விழுந்தால் ஆற்றிலேயே திருப்பி விடட்டும். தங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

அப்பாவின் கண் எப்படி இருக்கிறது?

சபாபதி


ரங்கூன், அலோன்
29 அக்டோபர் 1926

சபாபதிக்கு,

இரண்டரை மாசம் பதில் போடவில்லை. கப்பல் குற்றமில்லை. உன் கடிதத்தைப் படிக்கிறபோதெல்லாம் கையில் கிடைத்ததைத் தூக்கி எறியத் தோன்றியது. வீட்டில் கையில் கிடைப்பதெல்லாம் கண்ணாடிச் சீசா. அதனால் கடிதத்தை அரிசிப்பானைக்கு அடியில் வைத்துவிட்டு இருந்தேன்.

நீ சொன்னபடி கருப்பையாவிடம் சொல்லத்தான் டாலாவுக்குப் போனேன், ஆனால் நேர்மாறாக. அப்பாவையும் சாம்பானில் ஏற்றிக்கொண்டு போனேன். படத்தைக் காட்டினேன். தாடையில் இரண்டு மீசையைப் பென்சிலால் நானே சேர்த்திருந்தேன். கருப்பையா தலையைச் சொறிந்தான். அவன் பெண்டாட்டி மா தெய்ன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதையா தேடுறீங்க? மழ விட்டு மொதப் பெரிய தண்ணி ஏத்தத்துல வரும்க்கா. பொடி மீனோட ஒண்ணு ரெண்டு கலந்து கெடக்கும். மீன் அரைச்சு ங்கப்பி போட ஆவாது, வழவழன்னு இருக்கும். கொழம்புல போட்டுருவேன்."

ஒரு பெரிய மீன் சாஸ்திரி சாகும்வரை காத்திருந்த மீனை டாலாப் பெண்கள் வருஷா வருஷம் குழம்பு வைத்திருக்கிறார்கள். துரையும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை, ஹார்க்னெஸ் கேட்க வாய்ப்பே இல்லை. வலை போடுகிறவனைக் கேட்டார்கள், மீன் ஆய்கிறவளைக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டேன்.

ஐப்பசிப் பௌர்ணமி ஏற்றத்துக்கு மறுநாள் கருப்பையா மீனோடு வந்தான். மா தெய்ன் சட்டிக்குப் போகாமல் எடுத்துவைத்தது. அப்பா அதை உள்ளங்கையில் வாங்கினார். மேலே இரண்டு மீசையைத் தொட்டார். பிறகு தாடைக்குக் கீழே விரலைக் கொண்டுபோனார், தொடாமல் நிறுத்தினார். "நீ பாத்துச் சொல்லு, நான் தொட மாட்டேன்" என்றார். நாலு இருக்கிறது சபாபதி. நாலும் நான் பார்த்தேன்.

துறைமுகக் குமாஸ்தா வடிவேல் இந்தக் கப்பலில் மதராஸ் வருகிறார். இந்த மீனின் சீசாவை அவர் மடியில் வைத்துக் கொண்டுவருவார். உனக்கு இரண்டு வழிதான் இருக்கிறது. சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து சேரவில்லை என்று எழுதலாம். வடிவேலிடம் நான் விசாரிக்கமாட்டேன். இல்லையென்றால் பதினேழுக்குப் பக்கத்தில் ஹார்க்னெஸ் மேஜைமேல் வைக்கலாம். அப்பா தாம் செய்ததை என்னிடம் சொல்ல நாற்பது வருஷமானது. உனக்கு எவ்வளவு நாளாகும் என்று பார்க்கிறேன்.

அம்சா


மதராஸ்
2 டிசம்பர் 1926

அன்புள்ள அக்காளுக்கு,

உடம்பு சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படித்துவிட்டுத் தாங்கள் கவலைப்படக்கூடாது.

வடிவேல் சீசாவைக் கொடுத்த அன்று அதை முற்றத்துச் சாக்கடைவரை கொண்டுபோனேன். மூடியைத் திறந்துவிட்டேன். மறைக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உள்ளே மீன் தலை இடப்பக்கமாக இருந்தது. தாங்கள் அப்படிப் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறீர்கள். திரும்ப மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் இரண்டு மீனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதுகுத் துடுப்பு, பக்கக்கோடு, பல் எல்லாம் ஒன்றே. மீன் புதியதுதான். மீசைதான் பொய். பழைய மீனின் தாடையில் அந்த இரண்டு புள்ளியும் தெரிகின்றன. பதினொரு வருஷம் செதில் எண்ணிய கண், பார்க்க விரும்பாததைப் பார்க்கவில்லை.

ஹார்க்னெஸ் துரையிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "அச்சாகிவிட்டது. இதைக் கொட்டிவிடு" என்றார். மாட்டேன் என்றேன். பிறகு நானே லண்டன் பத்திரிகைக்கு எழுதினேன். வெரேசின் துரையின் மீன், 1887இல் ரெங்கசாமி பிடித்தது, மீசை தகரம் கட்டும்போது அறுந்தது, தகரத்தை வெட்டியது நான், ஹார்க்னெஸ் துரை பிடிக்கவில்லை, எல்லாம் எழுதினேன். எழுதியதை அவரிடமும் கொடுத்தேன். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். பதினேழை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டும் எழுதக் கஷ்டமானவை.

திருத்தம் வந்தாலும் பெயர் போகாது. சாஸ்திரத்தின் விதி அப்படி. வர்ணனை தப்பானாலும் முதலில் அச்சில் வைத்த பெயர்தான் நிற்கும். வெரேசின் பெயரையோ அப்பா பெயரையோ இனி வைக்கவே முடியாது. எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டாலும் எடுக்கமாட்டார்கள். மீன் இருக்கும்வரை என் பெயர் அதன்மேல் கிடக்கும்.

இரண்டாவது விஷயம் புத்தகம். இங்கே பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு ருஷ்ய அம்மாள் இருக்கிறாள், புரட்சியில் தப்பி வந்தவள். பதினேழாம் பக்கத்தின் இரண்டு வரியை அவளிடம் வாசிக்கச் சொன்னேன். அப்பா பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை என்று எழுதினேனே, தப்பு. அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே மீன். இப்படியே வந்தது என்கிறார் இதைப் பிடித்த ரெங்கசாமி. கண் சந்தேகப்படுகிறது, அவர் சொல்லை நம்புகிறேன். இன்னொன்று வரும்வரை இந்தப் பக்கம் காத்திருக்கும்."

அப்பாவுக்கு வாசிப்பதா வேண்டாமா என்பது தங்கள் இஷ்டம். இரண்டு சீசாவும் புத்தகமும் தகரத்துண்டும் பார்சலில் வருகின்றன. தகரத்தை வெட்டினேனே தவிர எறியவில்லை. பென்சில் பெட்டியில் இருந்தது.

சபாபதி


ரங்கூன், அலோன்
27 டிசம்பர் 1926

தம்பி சபாபதிக்கு,

பார்சல் உடையாமல் வந்தது. இந்தத் தடவை வைக்கோல் சுற்றியிருந்தாய்.

அப்பா நலம். நலம் என்று மட்டும் எழுதினால் பொய்யாகும், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பதினேழாம் பக்கத்தை வாசித்தேன். மறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இந்த வீட்டில் மறைத்துவைத்து மறைத்துவைத்து என்னத்தைக் கண்டோம் என்று வாசித்துவிட்டேன்.

அழுவார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. முகம் சிவந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அப்பாவை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. தரையில் கையை ஓங்கி அடித்தார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சுதே அந்த ஆளுக்கு. அப்புறம் ஏன் நம்பணும்? நம்பாம இருந்திருக்கலாமே. பளார்னு ஒண்ணு வச்சு, பொய் சொல்றியாடான்னு கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

மறுநாள் காலை அலமாரிக்குப் போனார். பதினேழைத் தொட்டார். பக்கத்தில் புதிய சீசாவையும் தொட்டார். "எழுது" என்றார். பென்சிலால் எழுதினால்தான் ஸ்பிரிட்டில் கரையாது என்று துரை சொன்னதை எனக்குச் சொல்லிவிட்டு, சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

"பதினேழு. மீன் இரண்டு. முதல் மீன் 1887 ஐப்பசி, டாலா வாய்க்கால். வலையில் வந்தபோது மீசை நாலு. கீழ்மீசை இரண்டும் ரெங்கசாமி கையால் அறுந்தவை. துரையிடம் சொன்னது பொய். இரண்டாம் மீன் 1926 ஐப்பசி, அதே வாய்க்கால். மா தெய்ன் கொடுத்தது. மீசை நாலு."

தகரத்தைப் பழைய மீனில் நான்தான் திரும்பக் கட்டினேன். தாடையில் இல்லை, வலப்பக்கச் செவுளில்.

உன் கோபம் பாதி நியாயம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பாதிக்காக உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, மன்னித்தேன் என்று பொய்யாக எழுதவும் வரவில்லை. வேலை இல்லாமல் மதராஸில் என்ன செய்கிறாய்? கிளம்பி வா. உனக்குச் சோறு போடுவேன், எதிரில் உட்காருவேனா என்று தெரியாது. மற்ற பத்து சீசாவில் என்னென்ன இருக்கிறது என்று மா தெய்னிடம் படம் போட்டுக் காட்ட இங்கே வரையத் தெரிந்த ஆள் இல்லை.

காகிதத்தை இன்னும் சீசாவுக்குள் போடவில்லை. அப்பா அடியில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னார். தகரத்தை வெட்டியது யார், ஏன் என்று நீ உன் கையால் எழுதவேண்டுமாம். எழுதிக் கையெழுத்துப் போடும்வரை பதினேழை மூடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் வா.

அக்காள் அம்சா